பழைய படகில் எஞ்சின் மவுண்டும் ஷாஃப்ட் கப்ளிங்கும் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15-ஆம் தேதி கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகுகள் வரிசையாகக் கரையேறும். ஜூன் 14 வரைக்கும் உள்ள 61 நாளில் பலகை, கலப்பத்து (பலகை இடுக்குகளை அடைப்பது), பெயின்ட், எஞ்சின் எல்லாம் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் கவனிப்பே இல்லாமல் போவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் நான்கு ரப்பர் மவுண்டும், கியர் பாக்ஸையும் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டையும் சேர்க்கும் கப்ளிங்கும்தான். பதினைந்து, இருபது வருஷம் ஓடிய படகு வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதுகிறேன். கன்னியாகுமரியின் மேற்குக் கரைக்காரர்களுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தேதிதான் வேறு, வேலை ஒன்றுதான்.

மவுண்ட் போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, இன்னொருவர் முன் கியர், நியூட்ரல், பின் கியர் என்று மெதுவாக மாற்ற வேண்டும். நல்ல மவுண்டில் எஞ்சின் லேசாகச் சாய்ந்து திரும்பும். போன மவுண்டில் ஒரு மூலை மட்டும் துள்ளும், அல்லது இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் கேட்கும்.

அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பருக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா, ரப்பர் வெளியே பிதுங்கியிருக்கிறதா, சுற்றிலும் கறுப்புப் பொடி கொட்டியிருக்கிறதா? இடது வலது மவுண்டுகளின் ரப்பர் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஜோடிக்குள் இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஒன்று அமுங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

வெளியே தெரியும் அறிகுறிகளும் உண்டு. கிளாண்டு பேக்கிங் (ஷாஃப்ட் படகைவிட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) எத்தனை தடவை மாற்றினாலும் தண்ணீர் ஒழுகுவது, ஸ்டெர்ன் புஷ் (பின்முனையில் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்) ஒரு பக்கம் மட்டும் தேய்வது, கியர் பாக்ஸின் பின் சீலில் ஆயில் கசிவது, கப்ளிங் போல்ட் அடிக்கடி அறுவது. இந்த நான்கில் இரண்டு இருந்தால் நான் முதலில் மவுண்டைத்தான் பார்ப்பேன்.

ஒரு படகில் ஒரே சீசனில் மூன்று தடவை கிளாண்டு பேக்கிங் மாற்றியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது இடது பின் மவுண்டுக்கு நேர் மேலே டீசல் ஃபில்டர். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக டீசல் அந்த ரப்பர்மேல் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நகத்தால் அழுத்தினேன். பள்ளம் அப்படியே நின்றது, திரும்பி வரவில்லை. எஞ்சினின் பின்பக்கம் அந்த மூலையில் ஆறு மி.மீ. இறங்கியிருந்தது. ஷாஃப்டை அது கீழே அழுத்த, ஷாஃப்ட் பேக்கிங்கை அழுத்த, பேக்கிங் பாவம் என்ன செய்யும்? மவுண்ட் மாற்றுவதற்கு முன்னால் டீசல் கசிவை நிறுத்துங்கள். இல்லையென்றால் புது ரப்பரும் அதே கதிதான்.

அதிர்வு இருந்தாலே மவுண்ட்தான் காரணமா?

இல்லை. நியூட்ரலிலேயே எஞ்சின் ஆடினால் இஞ்செக்டர், ஐட்லிங் வேகம், மவுண்ட் ஆகிய மூன்றையும் பாருங்கள். நியூட்ரலில் அமைதியாக இருந்து கியர் போட்டதும் அதிர்ந்தால் புரொப்பல்லர், ஷாஃப்ட், புஷ், கப்ளிங் பக்கம் தேட வேண்டும். புரொப்பல்லரில் சுற்றிய வலைத்துண்டும், அடிபட்டு வளைந்த ஒரே ஒரு இலையும் எவ்வளவு நல்ல மவுண்டையும் பொல்லாததாகக் காட்டிவிடும். படகு கரையில் இருக்கும்போது இதைப் பார்ப்பது சுலபம், செலவும் இல்லை.

எங்கள் மரப்படகில் ரப்பரே கிடையாது, எஞ்சின் நேராக பெட்டில் (எஞ்சின் உட்காரும் கட்டையில்) போல்ட் போட்டு இருக்கிறது. எங்களுக்கு இது தேவையா?

பழைய மர விசைப்படகுகள் பலவற்றில் அப்படித்தான். லாரி எஞ்சினைக் கடலுக்கு மாற்றி, மர பெட்மேல் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். உங்களுக்கு மவுண்ட் மாற்றும் வேலை இல்லை. ஆனால் கப்ளிங்கும் அலைன்மென்டும் (எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பது) உங்களுக்குத்தான் இன்னும் முக்கியம். ரப்பர் இருந்தால் சின்னக் கோணலைக் கொஞ்சம் தாங்கும். இறுக்கிப் போட்ட எஞ்சினில் அந்தக் கோணல் முழுவதும் கியர் பாக்ஸ் பேரிங்கிலும் ஷாஃப்டிலும்தான் போய் விழும். மவுண்டில் நட்டைத் திருப்பிச் சரிசெய்வதை நீங்கள் இரும்பு ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் செய்ய வேண்டும். மற்றபடி கீழே வரும் முறை அப்படியே பொருந்தும்.

ரப்பர் இல்லாத எஞ்சினுக்குப் புதிதாக ரப்பர் போடலாமா என்றும் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் எஞ்சின் அப்போது அசையத் தொடங்கும். புகைக்குழாய், டீசல் குழாய், கடல்தண்ணீர்க் குழாய், கியர் கம்பி எல்லாவற்றிலும் வளையும் துண்டு போட்டாக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

ஒரு மவுண்ட் மட்டும் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

நான்கையும் மாற்றுங்கள். பழைய ரப்பர் மூன்றும் வருஷக்கணக்கில் அமுங்கி இறுகிப் போயிருக்கும். நடுவில் ஒன்று மட்டும் புதிதாக வந்தால் அதன் உயரமும் வேறு, கடினமும் வேறு. பாரம் சமமாக இறங்காது. கையில் பணமே இல்லை என்றால் முன் ஜோடி அல்லது பின் ஜோடியை மாற்றுங்கள். ஒற்றையாக மட்டும் வேண்டாம்.

கழற்றும்போது ஒவ்வொன்றிலும் அச்சடித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில எஞ்சின்களில் முன்னால் ஒரு கடினமும் பின்னால் வேறு கடினமும் போட்டிருப்பார்கள், பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாறிப்போனால் புது மவுண்டிலும் எஞ்சின் ஆடும்.

லாரி மவுண்ட் விலை குறைவு. அதையே போடலாமா?

கூடாது. லாரியில் மவுண்ட் எஞ்சினின் எடையையும் முறுக்கத்தையும் தாங்கினால் போதும், வண்டியைத் தள்ளுவது சக்கரம். படகில் புரொப்பல்லர் தள்ளும் விசை ஷாஃப்ட் வழியாக கியர் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து மவுண்ட் வழியாகத்தான் படகுக்குப் போகிறது. வலை இழுக்கும்போது படகு முழுவதையும் முன்னால் தள்ளுவது அந்த நான்கு ரப்பர்தான். (தள்ளும் விசைக்கென்று தனி பேரிங் வைத்த படகுகள் உண்டு, ஆனால் குறைவு.) கடல் மவுண்ட் முன்பின் திசையில் விறைப்பாகவும் மேல்கீழாக நெகிழ்வாகவும் இருக்கும்படி செய்யப்பட்டது. ரப்பர் பிய்ந்தாலும் எஞ்சின் கழன்று வராதபடி உள்ளே இரும்புப் பிடிப்பும் பலவற்றில் இருக்கும். பூட்டும்போது மவுண்டின் நீளப்பக்கம் ஷாஃப்டுக்கு இணையாக வர வேண்டும். குறுக்காகப் பூட்டிவிட்டால் இந்த விறைப்பு வேண்டிய திசையில் கிடைக்காது.

மவுண்டைக் கழற்றினால் பெட் கட்டை இற்றுப்போயிருக்கிறது. என்ன செய்வது?

வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பழைய படகில் பாதி நேரம் உண்மையான குற்றவாளி அதுதான். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். ஈரமாக உள்ளே இறங்கினால் கட்டையை மாற்றத்தான் வேண்டும், ஓடாவியை (படகுத் தச்சரை) கூப்பிடுங்கள். கட்டை நன்றாக இருந்து ஸ்க்ரூ ஓட்டை மட்டும் பெரிதாகியிருந்தால் எபாக்ஸி நிரப்பிப் புதிதாகத் துளை போடலாம். முடிந்தால் ஸ்க்ரூவே வேண்டாம், குறுக்கே ஊடுருவும் போல்ட் போட்டு அடியில் தகடு கொடுங்கள். ஃபைபர் படகில் பெட்டுக்குள் இருக்கும் மரம் ஈரம் வாங்கியிருக்கும், வெளியே தெரியாது. சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும் இற்ற இடம் பொத்தென்றும் கேட்கும்.

எஞ்சினை முழுவதும் தூக்க வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு மூலையாக மாற்றலாம். முதலில் கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டைப் பிரித்துவிடுங்கள். இணைந்த நிலையில் எஞ்சினைத் தூக்கினால் ஷாஃப்ட் வளையும். எஞ்சின் அறைக்கு மேலே குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து செயின் பிளாக்கில் எஞ்சினின் தூக்குக் கொக்கியை மாட்டுங்கள். பாரத்தை அது வாங்கினால் போதும், உயரத் தூக்க வேண்டியதில்லை. ஜாக்கி வைப்பதாக இருந்தால் ஆயில் சம்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டிக்கு) அடியில் வைக்கவே வைக்காதீர்கள், தகடு நசுங்கிவிடும்.

தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு மூலையிலும் பெட்டிலிருந்து எஞ்சினின் பிராக்கெட் வரை உள்ள உயரத்தை அளந்து சுண்ணக்கட்டியால் அங்கேயே எழுதுங்கள். பழைய மவுண்ட் அமுங்கியிருக்கும் என்பதால் அது சரியான உயரம் ஆகாது, ஆனால் தொடங்குவதற்கு ஒரு இடம் வேண்டுமே.

புது மவுண்டின் ஸ்டட்டில் (மேலே நீட்டியிருக்கும் மரைக் கம்பியில்) நட்டை உச்சிக்கு ஏற்றி வைத்து உயரம் கொண்டுவருவதைப் பல படகுகளில் பார்க்கிறேன். எஞ்சின் அந்த மெல்லிய ஸ்டட்டின் நுனியில் நின்று ஆடும், ஒருநாள் ஸ்டட் அடியோடு உடையும். உயரம் பற்றாவிட்டால் மவுண்டுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுங்கள். பலகைத் துண்டு வேண்டாம், நசுங்கும்.

கப்ளிங் ஷாஃப்டிலிருந்து கழலவே மாட்டேன் என்கிறது. சுத்தியால் அடிக்கலாமா?

கியர் பாக்ஸோடு இணைந்திருக்கும்போது அடித்தால் அந்த அடி கியர் பாக்ஸ் பேரிங்கில் விழும். வெறும் ஷாஃப்டில் அடித்தாலும் வளையும். முதலில் கிரப் ஸ்க்ரூ (கப்ளிங்கை ஷாஃப்டில் பிடிக்கும் தலையில்லாத ஸ்க்ரூ), பூட்டுக் கம்பி, நுனி நட்டு எதுவும் விடுபட்டிருக்கிறதா பாருங்கள். துருவுக்கும் பெயின்டுக்கும் அடியில் ஒரு கிரப் ஸ்க்ரூ ஒளிந்திருக்க, இரண்டு நாள் அடித்தவர்களும் உண்டு. டேப்பர் ஷாஃப்டாக (நுனி ஒடுங்கிக்கொண்டே போகும் ஷாஃப்டாக) இருந்தால் நுனி நட்டைத் தளர்த்துங்கள், முழுவதும் எடுக்காதீர்கள். கப்ளிங் விடுபடும்போது பாயாமல் அது பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் துரு எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். ஷாஃப்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கப்ளிங் முகத்துக்கு எதிரே கனமான ஒரு இரும்புத் தட்டு வையுங்கள். ஷாஃப்ட் நுனிக்கும் தட்டுக்கும் நடுவில் ஷாஃப்டைவிடச் சிறிய இரும்புத் துண்டு ஒன்று. நீளமான போல்ட்டுகளைத் தட்டு வழியாக கப்ளிங்கில் போட்டு, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஷாஃப்ட் தானே கப்ளிங்கைவிட்டு வெளியே தள்ளப்படும். அசையாவிட்டால் கப்ளிங்கின் வெளிப்புறத்தை மட்டும் சூடாக்குங்கள். பக்கத்தில் டீசல் துணியோ எண்ணெயோ இல்லாமல், வாளியில் தண்ணீரோடு ஒரு ஆள் நிற்க வேண்டும்.

அப்படியும் வராவிட்டால் கப்ளிங்கை அறுத்து எடுங்கள். கப்ளிங் போனால் கப்ளிங்கோடு போகும், ஷாஃப்ட் போனால் சீசனே போகும்.

பழைய கப்ளிங்கையே திரும்பப் போடலாமா?

கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் உட்காரும் துளையில் செம்மண் போலப் பொடி இருந்தால் கப்ளிங் ஷாஃப்டில் அசைந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். கீவேயின் (கப்ளிங் ஷாஃப்டில் வழுக்காதபடி செருகும் கீ உட்காரும் பள்ளத்தின்) ஓரம் உருண்டிருந்தாலும், போல்ட் ஓட்டை முட்டைபோல நீண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். புதியதை ஷாஃப்டில் ஏற்றி லேத்தில் வைத்து முகத்தைச் சரிபார்த்துக் கடைந்துவிடச் சொல்லுங்கள். சின்னச் செலவு, ஆனால் பின்னால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பொய் சொல்லாது.

டேப்பர் கப்ளிங்கில் ஒரு விஷயம் கவனியுங்கள். முதலில் கீ இல்லாமல் ஏற்றி எவ்வளவு தூரம் போகிறது என்று கோடு போடுங்கள். பிறகு கீயோடு ஏற்றுங்கள். அதே கோட்டுக்கு வரவில்லை என்றால் கப்ளிங் டேப்பரில் உட்காராமல் கீயின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. கீயின் மேல்பக்கத்தை அரம் போட்டுக் குறையுங்கள்.

ஃப்ளெக்ஸிபிள் கப்ளிங் (நடுவில் ரப்பர் வைத்தது) போட்டால் அலைன்மென்ட் பார்க்க வேண்டாமாமே?

கடைக்காரர்கள் சிலர் அப்படிச் சொல்லி விற்கிறார்கள், நம்பாதீர்கள். ரப்பர் கப்ளிங் அதிர்வையும் கியர் போடும்போது வரும் இடியையும் குறைக்கும். கோணலை ஒவ்வொரு சுற்றிலும் அது மென்று தின்னும், கொஞ்ச நாளில் தானே கிழியும். முதலில் இரும்புக்கு இரும்பு அலைன்மென்ட் சரியாகப் பிடித்துவிட்டு, அப்புறம் நடுவில் ரப்பரைப் போடுங்கள்.

அது வந்தால் வேறு இரண்டு விஷயங்களும் மாறும். அதன் தடிமன் அளவுக்கு ஷாஃப்ட் பின்னால் போகும், எனவே புரொப்பல்லருக்கும் புஷ்ஷுக்கும் உள்ள இடைவெளியையும் சுக்கானுக்கு உள்ள இடைவெளியையும் பாருங்கள். புஷ்ஷிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்டின் விட்டத்துக்கு மேல் தள்ளி நிற்காமல் இருப்பது நல்லது. இன்னொன்று, ரப்பர் வந்ததும் ஷாஃப்டுக்கும் எஞ்சினுக்கும் மின்தொடர்பு அறுந்துவிடும். எஞ்சின் பக்கம் இணைத்த துத்தநாகக் கட்டி ஷாஃப்டை அரிப்பிலிருந்து காக்காது. கப்ளிங்கின் குறுக்கே செம்புப் பட்டை கொடுங்கள், அல்லது ஷாஃப்டிலேயே தனியாகத் துத்தநாகம் மாட்டுங்கள்.

அலைன்மென்டை நாமே பார்க்கலாமா?

பார்க்கலாம். ஒரு ஃபீலர் கேஜ், ஒரு நேர்விளிம்பு, ஒரு ஸ்பிரிங் தராசு, நிறையப் பொறுமை வேண்டும்.

முதலில் ஷாஃப்டின் தொங்கலைச் சரிசெய்யுங்கள். கிளாண்டிலிருந்து கப்ளிங் வரை ஷாஃப்ட் அந்தரத்தில் நிற்கிறது, தன் எடையிலேயே தாழும். 40 மி.மீ. ஷாஃப்ட் மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. 1.2 மீட்டர் அந்தரத்தில் இருந்தால் 12 கிலோ. அதில் பாதி 6 கிலோவும் கப்ளிங்கின் முழு எடையும் சேர்ந்த அளவுக்கு, கப்ளிங்கின் பக்கத்தில் தராசால் மேலே தூக்கி அந்த நிலையில் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் அளந்தால் தொங்கிய ஷாஃப்டுக்கு ஏற்ப எஞ்சினைத் தாழ்த்திவிடுவீர்கள்.

அடுத்து இரண்டு கப்ளிங்கின் வெளி விளிம்பும் மேலும் பக்கமும் ஒரே மட்டமா என்று நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள். ஒரு கப்ளிங் முகத்தில் நீட்டியிருக்கும் வளையம் மற்றதன் குழிக்குள் கையால் தள்ளினாலே நுழைய வேண்டும். பிறகு இரண்டு முகத்தையும் ஒட்ட வைத்து மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் கேஜ் விடுங்கள். கப்ளிங் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் வித்தியாசம் வரை அனுமதிப்பது பொதுவான கணக்கு. 5 அங்குல கப்ளிங் என்றால் 0.12 மி.மீ. அதற்குக் குறைவாகவே பிடிக்கப் பாருங்கள்.

உதாரணத்துக்கு மேலே 0.10, கீழே 0.45 மி.மீ. வந்தது என்று வையுங்கள். வித்தியாசம் 0.35. கீழே இடைவெளி அதிகம் என்றால் எஞ்சினின் முன்பக்கம் உயர்ந்திருக்கிறது, முன் மவுண்டுகளை இறக்க வேண்டும். எவ்வளவு? கப்ளிங் விட்டம் 125 மி.மீ., முன் மவுண்டுக்கும் பின் மவுண்டுக்கும் தூரம் 750 மி.மீ. என்றால் ஆறு மடங்கு. 0.35 பெருக்கல் 6, சுமார் 2 மி.மீ. ஸ்டட் மரையின் இடைவெளி 2 மி.மீ. ஆக இருந்தால் முன் நட்டுகளில் ஒரே ஒரு சுற்று. கண்ணை மூடிக்கொண்டு திருகுவதைவிட இந்தக் கணக்கு அரைநாளை மிச்சப்படுத்தும். முன்னால் இறக்கினால் பின்னால் கப்ளிங் கொஞ்சம் ஏறும், அதனால் விளிம்பு மட்டத்தைத் திரும்பப் பாருங்கள்.

சரியாகிவிட்டது என்று தோன்றியதும் எஞ்சின் பக்கத்தை அசைக்காமல் ஷாஃப்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி அதே இடத்தில் இருந்தால் எஞ்சின் இன்னும் கோணல். ஷாஃப்டோடு சேர்ந்து இடைவெளியும் சுற்றினால் கப்ளிங் முகமோ ஷாஃப்டோ கோணல், மவுண்டை எவ்வளவு திருகினாலும் சரியாகாது.

சின்ன இடைவெளிதானே, போல்ட்டை இறுக்கினால் சேர்ந்துகொள்ளும் என்பது மட்டும் வேண்டாம். சேரும். சேர்ந்த இடத்தில் ஷாஃப்ட் வளைந்து நிற்கும்.

கரையில் இருக்கும்போதே அலைன்மென்டை முடித்துவிடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். முடியாது. கரையில் படகு ஏராக்கட்டையிலும் (அடியில் நீளமாக ஓடும் முதுகுக் கட்டை) நான்கைந்து முட்டுக்கட்டையிலும் நிற்கிறது. கடலில் முழு உடம்பையும் தண்ணீர் தாங்குகிறது. உடம்பின் வடிவம் கொஞ்சம் மாறும். நாம் தேடுவதோ மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. மரப்படகு இரண்டு மாதம் வெயிலில் காய்ந்து, தண்ணீரில் இறங்கிப் பலகை ஊறும்போது இன்னும் அதிகமாக மாறும். போதாதற்குப் புது ரப்பரும் எஞ்சினின் எடையில் முதல் இரண்டு நாளில் கொஞ்சம் அமுங்கும்.

கரையில் செய்ய வேண்டியது தோராயமான அலைன்மென்ட். படகை இறக்கியபின் ஃபைபர் என்றால் இரண்டு நாள், மரம் என்றால் ஒரு வாரம் தண்ணீரில் விடுங்கள், கப்ளிங் போல்ட் போடாமல். டீசலும் தண்ணீரும் பாதியாவது நிரப்பி, வலையைக் கடையாலில் (படகின் பின்பக்கத்தில்) வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, கடைசி அலைன்மென்ட் பிடியுங்கள்.

இங்கேதான் மனசு கஷ்டப்படுகிறது. பெரும்பாலான படகுகள் தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது இறங்குகின்றன. ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் ஐஸ் ஏற்றித் தொழிலுக்குப் போகின்றன. கரையில் பிடித்த அலைன்மென்டோடு, ஊறாத பலகையோடு, அமுங்காத ரப்பரோடு. முதல் பயணத்திலேயே முழு விசையில் வலை இழுக்கிறார்கள். மவுண்ட் மாற்றிய வருஷம் மட்டுமாவது ஜூன் முதல் வாரத்திலேயே படகை இறக்கிவிடுங்கள். பெயின்ட் வேலையை முன்கூட்டியே செய்தால் முடியும்.

போல்ட் எப்படிப்பட்டது போட வேண்டும்?

தலையில் 8.8 என்று அடித்த போல்ட், புது நைலான் பூட்டு நட்டு. ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் அளவு, தொளதொளவென்று இருக்கக் கூடாது. சாதாரண வன்பொருள் கடைப் போல்ட் போட்டால் பின் கியர் இடியில் அறுந்துபோகும். கிரப் ஸ்க்ரூவுக்கு ஷாஃப்டில் சின்னக் குழி துளைத்து, அதில் உட்காரவைத்து, கம்பி போட்டுக் கட்டுங்கள்.

மாற்றிய பிறகு எப்போது திரும்பப் பார்ப்பது?

முதல் பயணம் முடிந்து வந்ததும் எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். 50 மணி நேரம் ஓடியதும் கப்ளிங்கைப் பிரித்து ஃபீலர் கேஜை ஒருமுறை விடுங்கள். அதன்பின் வருஷத்துக்கு ஒரு தடவை.

நடுக்கடலில் கப்ளிங் விட்டுப்போனால் என்ன செய்வது?

உடனே நியூட்ரல், எஞ்சினை நிறுத்துங்கள். பின் கியர் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். முன்னோக்கி ஓடும்போது புரொப்பல்லர் ஷாஃப்டை உள்ளே தள்ளும். பின் கியரில் அதுவே ஷாஃப்டை வெளியே இழுக்கும். பாதி அறுந்த போல்ட்டும் அதில்தான் முழுவதும் அறும். சுக்கான் தடுக்காவிட்டால் ஷாஃப்ட் ஸ்டெர்ன் டியூபைவிட்டே (அது வெளியே போகும் குழாயைவிட்டே) போய்விடும். அப்புறம் அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரும்.

அதனால் படகு கரையில் இருக்கும்போதே கிளாண்டுக்கும் கப்ளிங்குக்கும் நடுவில் ஷாஃப்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையக் கிளாம்பு இறுக்கிப் போட்டுவிடுங்கள். கப்ளிங் விட்டாலும் ஷாஃப்ட் அந்த வளையத்தோடு கிளாண்டில் தட்டி நிற்கும். ஸ்டெர்ன் டியூபின் அளவுக்கு ஓடாவியிடம் ஓட்டையை அடைக்க ஒரு மர அடைப்பு சீவி வாங்கி, எஞ்சின் அறையில் கைக்கு எட்டும் இடத்தில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் பக்கத்திலேயே ஒரு செட் கப்ளிங் போல்ட்டும் நட்டும், அதற்குச் சரியான இரண்டு ஸ்பேனரும், கிரீஸ் தடவி டப்பாவில் போட்டு வையுங்கள். டிரைவருக்கு மட்டுமல்ல, படகில் வரும் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.